உத்தரவு வந்தது, சோப்பு வந்ததா?



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து, நாலு மழை பெய்து, ஊரில் பத்துப் பேருக்கு ஜுரம் என்று பேப்பரில் வந்துவிட்டால் போதும். "ஏன்க்கா, மறுபடியும் ஸ்கூலை மூடிடுவாங்களா?" என்று எங்கள் தெருவில் கேள்வி கிளம்பிவிடும். கேட்பது பிள்ளைகள் அல்ல, பெற்றவர்கள். கொரோனா கலவரம் அடங்கி வருஷங்கள் ஆகியும் அந்தப் பயம் இன்னும் அடிவயிற்றை விட்டுப் போகவில்லை.

பயந்துகொண்டே இருப்பதற்குப் பதில், அந்த இரண்டு வருஷம் நமக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று ஒரு தடவை உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் என்ன? மாசா மாசம் மளிகைக் கணக்குப் பார்க்கிற நமக்கு இது வராதா?

எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டு

காஞ்சிபுரத்துக்காரர்களாகிய எங்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் முதன்முதலாக இந்த நோய் இருப்பதாக 2020 மார்ச் 7-ந் தேதி அறிவிக்கப்பட்டவர் எங்கள் மாவட்டத்துக்காரர்தான். அதற்கு முந்திய வருஷம், 2019 ஜூலை, ஆகஸ்டில், அத்திவரதர் தரிசனத்துக்காக 48 நாள் ஊரே ஜனசமுத்திரமாக இருந்தது. கூட்டம் தாங்காமல் சில நாள் பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். "இதை மிஞ்சின லீவு இந்த ஊர் பார்க்காது" என்றார் என் மாமியார். ஏழே மாதத்தில் பார்த்துவிட்டோம்.

என் பெண் அப்போது பத்தாம் வகுப்பு. பையன் மூன்றாம் வகுப்பு. அந்த நாளில் வந்த உத்தரவுகளைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு எழுதி வைத்தேன். இப்போது புரட்டினாலும் தலை சுற்றுகிறது.

பெண்ணுக்குப் பொதுத்தேர்வு மார்ச் 27-ல் தொடங்க வேண்டியது. பிறகு ஜூன் 1 என்றார்கள். அப்புறம் ஜூன் 15 என்றார்கள். ஜூன் 9-ந் தேதி, தேர்வே இல்லை, எல்லோரும் பாஸ் என்றார்கள். பதினோராம் வகுப்பில் அவள் பள்ளிப்படி ஏறியது 2021 பிப்ரவரி 8-ல். மார்ச் 22-ல் மறுபடி மூடியாயிற்று. ஆறே வாரம்! அந்த வருஷமும் தேர்வில்லாமல் பாஸ். பன்னிரண்டாம் வகுப்புக்கு 2021 செப்டம்பர் 1-ல் திறந்தார்கள். 2022 ஜனவரியில் மூன்றாவது அலை என்று மூடி, பிப்ரவரி 1-ல் திறந்தார்கள். கடைசியில் 2022 மே மாதம் பொதுத்தேர்வு எழுதப் போனபோது, அதுதான் அவளுக்கு முதல் பொதுத்தேர்வு. ஹால் டிக்கெட்டைப் பிடித்த கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

பையன் கதை இன்னும் வேடிக்கை. மூன்றாம் வகுப்புப் பையோடு வீட்டுக்கு வந்தவன், 2021 நவம்பர் 1-ந் தேதி ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்தான். நான்காம் வகுப்பு பெஞ்சு எப்படி இருக்கும் என்றே அவனுக்குத் தெரியாது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2020-ல் உலகம் முழுவதும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்ததாக யுனெஸ்கோ கணக்குச் சொன்னது.

"ஏன் மாத்தி மாத்திப் பேசறாங்க?"

அந்த நாளில் எல்லா வீட்டுத் திண்ணையிலும் கேட்ட அங்கலாய்ப்பு இது. நியாயமான கேள்விதான். ஆனால் புதிதாக வந்த நோயின் குணம் யாருக்குத் தெரியும்? பழகப் பழகத்தானே தெரியும்!

முதலில், தொட்ட இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தார்கள். நாமும் காய்கறியை மஞ்சள் தண்ணீரில் அலசி, பேப்பரை வெயிலில் காயவைத்து, பால் பாக்கெட்டைக் குளிப்பாட்டினோம். போகப்போக, மூடிய அறையில் பலர் விடும் மூச்சுக் காற்றுதான் பெரிய வழி என்று தெரிந்தது. உடனே ஜன்னலுக்கு மதிப்பு வந்தது. வகுப்பில் பிள்ளைகளுக்கு நடுவே ஆறடி வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த அமெரிக்கா, 2021 மார்ச்சில் மூன்றடி போதும் என்று மாற்றிக்கொண்டது. டாக்டர்களும் படித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ஆகவே விதி மாறியதற்கு நான் யாரையும் கோபிக்க மாட்டேன்.

என் வருத்தம் வேறு. விதி வந்த வேகத்தில், அதைச் செய்வதற்கு வேண்டிய சாமான் வந்ததா என்பதுதான்.

குழாயடிக் கணக்கு

"சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்" என்பது ஒரு வரி உத்தரவு. அதை அடுப்படிக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். சோப்புப் போட்டுத் தேய்க்க 20 விநாடி. நனைக்க, அலச, அடுத்த பிள்ளைக்கு வழி விட இன்னொரு 20 விநாடி. ஒரு பள்ளியில் 300 பிள்ளைகள், 4 குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை எல்லோரும் கை கழுவி முடிக்க 50 நிமிஷம் ஆகும். சாப்பாட்டு மணி முழுதும் கை கழுவிக்கொண்டே இருக்கலாம், சாப்பிட வேண்டாம்!

இதை வெறுமே வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2020 நவம்பர் 16-ல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறக்கலாமா என்று அரசு யோசித்து, நவம்பர் 9-ந் தேதி பள்ளிகளில் பெற்றோரைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டது. நானும் என் பெண்ணின் பள்ளிக்குப் போனேன். திறக்கலாமா, வேண்டாமா என்று எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். நான் பதிலுக்குக் கீழே, "குழாய் எத்தனை? சோப்பு யார் வாங்குவது?" என்று எழுதினேன்.

டீச்சர் படித்துவிட்டுச் சிரித்தார். "அம்மா, இதுக்கு எங்ககிட்டே இடமில்லீங்களே" என்றார்.

"பரவாயில்லைம்மா, ஓரத்துல இருக்கட்டும்" என்றேன்.

அப்போது திறப்பதைத் தள்ளிப்போட்டார்கள். 2021 ஜனவரி 19-ல் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் திறந்தபோது, வகுப்புக்கு 25 பேருக்கு மேல் கூடாது என்று விதி. 50 பேர் இருக்கிற வகுப்பை இரண்டாகப் பிரித்தால் அறையும் இரண்டு வேண்டும், டீச்சரும் இரண்டு பேர் வேண்டும் இல்லையா? அறை தாராளமாக இருந்த பள்ளி சமாளித்தது. இல்லாத பள்ளி திணறியது.

விதியும் வசதியும் கைகோத்து வந்த சமயமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2022 ஜனவரி 3 முதல் 15 வயது முதல் 18 வரை உள்ளவர்களுக்குத் தடுப்பூசி என்று அறிவிப்பு வந்தது. நர்சம்மாவும் ஊசி மருந்தும் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள். என் பெண் காலையில் ஊசி போட்டுக்கொண்டு, மத்தியானம் சாதம் சாப்பிட்டு, சாயங்காலம் கை வலிக்கிறது என்று முனகினாள். அவ்வளவுதான்! தாய்மார் ஒருத்தர்கூட வரிசையில் கால் கடுக்க நிற்கவில்லை.

தறிமேடையில் ஒரு வகுப்பு

எங்கள் ஊருக்கு வேறு ஊரில் இல்லாத ஒரு சங்கடம் உண்டு. பிள்ளையார்பாளையம் மாதிரி இடங்களில் பல வீடுகளுக்குள்ளேயே தறி இருக்கிறது. பட்டுப்புடவையில் கோர்வை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், இரண்டையும் ஊடை நூலால் பின்னிக் கோத்து நெய்வது. அதற்குத் தறியில் ஒருத்தர் போதாது; கரைப்பக்கம் நாடா போட இன்னொரு கை வேண்டும். ஒரு காலத்தில் அந்த இன்னொரு கை பெரும்பாலும் ஒரு பிள்ளையின் கையாகத்தான் இருந்தது. காஞ்சிபுரம் தறிகளில் குழந்தைத் தொழிலாளர் என்று வெளிநாட்டுக்காரர்கள்கூட வந்து எழுதினார்கள். பாடுபட்டு, பள்ளிக்கூடத்தைக் காட்டி, மத்தியான சாப்பாட்டைக் காட்டித்தான் அந்தப் பழக்கத்தைக் குறைத்தார்கள்.

பள்ளி மூடியதும் அந்தப் பழைய வாசல் திறந்துகொண்டது. முதல் சில மாதம் தறியே ஓடவில்லை. கல்யாணம் இல்லை, புடவை விற்பனை இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேலை வந்தபோது கூலி ஆள் வைக்க யார் கையிலும் காசில்லை. வீட்டில் பிள்ளை சும்மா இருக்கிறான். உட்காரச் சொன்னார்கள்.

எதிர் வீட்டுப் பையன் ஏழாம் வகுப்பு. அவன் அம்மாவிடம் ஒரு நாள், "ஏம்மா, கல்வித் தொலைக்காட்சியில பாடம் ஓடுதே, அவனைப் பார்க்கச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பார்க்கறான்க்கா. காதுல கேட்டுக்கிட்டே கரை போடறான். இருக்கிற ஒரு போனையும் அவங்க அப்பா எடுத்துக்கிட்டுப் போயிடறார். நான் என்ன பண்ணட்டும்?"

அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரே போன்தான். பையன் பாடம் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தபிறகு ராத்திரி எட்டு மணிக்குத்தான் தொடங்கும்.

சட்டம் இருக்கத்தான் இருக்கிறது. 2016-ல் திருத்திய சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. அபாயமில்லாத குடும்பத் தொழிலில் கூடமாட உதவுவதைக்கூட, பள்ளி நேரம் போக, அல்லது விடுமுறையில் என்றுதான் அனுமதித்திருக்கிறார்கள். பள்ளியே மூடிக் கிடந்தால் பள்ளி நேரம் ஏது? காலை முதல் ராத்திரி வரை எல்லாமே விடுமுறைதானே! பள்ளி மணி அடிப்பதுதான் அந்தச் சட்டத்துக்குக் காவல் என்பது, மணி நின்றபிறகுதான் புரிந்தது.

2021 அக்டோபர் 27-ல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் எங்கள் தெருவுக்கும் வந்தது. டிகிரி முடித்த ஒரு பெண், சாயங்கால வேளையில் சுமார் இருபது பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துப் பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. நவம்பர் 1-ல் பள்ளி திறந்தும் போகாத எதிர் வீட்டுப் பையன், சாயங்காலம் தறியை விட்டு இறங்கி முதலில் வந்து சேர்ந்தது அந்தத் திண்ணைக்குத்தான். ஓரமாக நின்றான். அப்புறம் உட்கார்ந்தான். பிப்ரவரியில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பள்ளிக்கே போய்விட்டான். ஆனால் அடுத்த தெருவில் ஒன்பதாம் வகுப்பு ஆல் பாஸ் ஆன ஒரு பெண், தார் சுற்ற உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். இன்றும் அந்த வழியாகக் காய் வாங்கப் போகும்போது ராட்டைச் சத்தம் கேட்கும்.

யார் முதலில்?

நம் ஊரில் பெரிய வகுப்புகளை முதலில் திறந்தார்கள். சின்னப் பிள்ளைகள் கடைசி. பொதுத்தேர்வு இருக்கிறதே என்ற கவலை. டென்மார்க் நாட்டில் 2020 ஏப்ரல் நடுவிலேயே சின்ன வகுப்புகளைத்தான் முதலில் திறந்தார்கள். முடிந்த இடங்களில் மைதானத்தில் வைத்துப் பாடம் நடத்தினார்கள். நம் நாட்டிலும் 2021 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவர், பள்ளி திறப்பதானால் ஆரம்பப் பள்ளிகளிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம் என்று சொன்னார். சின்னப் பிள்ளைகளின் உடம்பு இந்த நோயைப் பெரியவர்களைவிட நன்றாகச் சமாளிக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். 6 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்கெனவே நோய் வந்துபோன அடையாளம் ரத்தத்தில் இருப்பதும் அப்போதைய பரிசோதனையில் தெரிந்தது.

தாயாராக எனக்குத் தோன்றுவதையும் சொல்கிறேன். பதினாறு வயதுப் பெண் புத்தகத்தைப் பிரித்துத் தானே படித்துக்கொள்வாள். எட்டு வயதுப் பையனுக்கு டீச்சர் கை பிடித்தால்தான் எழுத்து வரும். 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்று தனித் திட்டமே தொடங்கவேண்டி வந்ததே, அதற்குக் காரணம் விட்டுப்போன இந்த அடிப்படைதான்.

சாப்பாட்டையும் மறக்கக் கூடாது. சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் பிள்ளைகளின் வீட்டுக்குக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் வீட்டுப் பானையில் விழுந்த அரிசி வீட்டார் எல்லோருக்கும் சோறாகும். பள்ளித் தட்டில் விழுந்தால்தான் அது முழுக்க அந்தப் பிள்ளைக்கு. அதனால்தான் 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி ஆரம்பித்து, அடுத்த வருஷம் மாநிலம் முழுக்க வந்தபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

இப்போது நாம் செய்யக்கூடியது

நோய் இல்லாத நாளில்தான் நோய்க்கு ஏற்பாடு செய்ய முடியும். வெள்ளம் வந்தபிறகு கூரை மாற்ற முடியுமா? கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20-ந் தேதி பெற்றோரைப் பள்ளிகளுக்கு வரவழைத்து, இந்தக் குழுக்களைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். "நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்காதீர்கள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்ற நான் கேட்கும்போது நீங்கள் கேட்கக் கூடாதா? கேட்க வேண்டியவை இவை:

குழாய் எத்தனை, பிள்ளைகள் எத்தனை? என் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு நீளக் குழாயில் வரிசையாகப் பல திருகு வைத்தால் செலவு குறைவு. சோப்பு காணாமல் போகிறது என்றால், வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் குழாயோடு கட்டிவிடச் சொல்லுங்கள்.

வகுப்பில் எதிரெதிர் ஜன்னல் திறக்கிறதா? பீரோவை வைத்து மறைத்திருக்கிறார்களா? பிள்ளைகள் இல்லாத நேரத்தில் ஒரு ஊதுவத்தி ஏற்றிப் பாருங்கள். புகை வெளியே நகர்ந்தால் சரி. அங்கேயே சுற்றினால் காற்றோட்டம் போதாது. மின்விசிறி உள்காற்றைக் கிளறும், வெளிக்காற்றைக் கொண்டுவராது.

கழிவறையில் தண்ணீர் வருகிறதா? பெரிய பெண்கள் பள்ளிக்கு மட்டம் போட இதுவும் ஒரு காரணம்.

மறுபடி மூடினால், போன் இல்லாத பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு? எந்தத் தெருவில் யார் திண்ணை கொடுப்பார்கள்? பட்டியல் இப்போதே இருக்கட்டும்.

பத்து நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது? முதல் வாரமே போனால் திரும்பி வருவான். ஆறு மாதம் கழித்துப் போனால் தறி விடாது.

இது பள்ளிக்கு. நம் வீட்டுக்கும் சில உண்டு. ஜுரம் அடிக்கிற பிள்ளையை மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாள் ஜுரம் இல்லை என்றால் அனுப்பலாம். இருமல் இருந்தால் முகக்கவசம் போட்டு அனுப்புங்கள். ஈரமானால் மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும். தடுப்பூசி அட்டையையும் பள்ளிச் சான்றிதழ்களையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். உத்தரவுகளை யாரோ சொன்னார்கள் என்று நம்பாமல், தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். வதந்திக்கு அதுவே மருந்து.

லீவு நீண்டால், தினமும் அரை மணி பிள்ளையைச் சத்தமாகப் படிக்கவையுங்கள். பாடப்புத்தகம்தான் என்றில்லை, பேப்பர், மளிகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதுவும் போதும். கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாளுக்கு நாலு கணக்கு. என் பையனுக்கு நான்காம் வகுப்பு ஓடியது இந்தத் தாள்களில்தான். அவன் இப்போது உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டான். பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறவில்லை. சுவர் ஏறிக் குதிக்கக் கற்றதும் அந்த வருஷம்தான், அது வேறு விஷயம்!

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் குழாய் எத்தனை இருக்கிறது, சகோதரிகளே? அடுத்த தடவை பிள்ளையைக் கூட்டிவரப் போகும்போது எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். நாலு பேர் எண்ணத் தொடங்கினாலே ஐந்தாவது குழாய் வந்துவிடும்.